ஊருக்கு ஒரு மழைமானி வேண்டும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதில் 'ஆடிப்பட்டம்' என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். 'தேடி' என்பதை விட்டுவிட்டோம். மானாவாரி விவசாயி படும் நஷ்டத்தில் ஒரு பங்கு இதனால்தான் வருகிறது என்பது என் கருத்து.

நம் மழைக் கணக்கை முதலில் பார்ப்போம். நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழை தருகிறது. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை மறுபக்கமே இறக்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக்குக் கைகொடுப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, சராசரியாகச் சுமார் 44 செ.மீ., இந்த மூன்று மாதங்களில் கிடைக்கிறது.

ஆனால் சராசரி மழை எந்தக் காட்டிலும் பெய்வதில்லை. 2016-ல் இந்தப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவிக்க நேர்ந்தது. 2023 டிசம்பரிலோ தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். ஆண்டுக் கணக்கில் அது நல்ல மழை. வெள்ளத்தில் நின்ற பயிருக்கு அதனால் என்ன பயன்?

பஞ்சத்தையும் வெள்ளத்தையும் நாம் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது விதைக்கும் நாள் ஒன்றுதான். அதில்தான் ஏமாந்து போகிறோம். புரட்டாசியில் ஒரு மாலை இடிமழை பெய்ததும், பக்கத்துக் காட்டில் ஏர் பூட்டியதைப் பார்த்து நாமும் விதைத்துவிடுகிறோம். நனைந்தது மேல்மண் மட்டுமே. முளைத்த பயிர் பத்து நாள் வெயிலில் கருகிவிடுகிறது. மறுபடியும் விதை, மறுபடியும் உழவுக் கூலி, மறுபடியும் கடன். நானும் அப்படி ஒரே பருவத்தில் இரண்டு முறை விதைத்தவன்தான்.

கரிசல் காட்டில் விதைக்க 2 முதல் 2.5 செ.மீ. மழையாவது வேண்டும். பருவமழைக்கு முன்பே விதைப்பவர்களுக்குக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் யோசனையும் இதையே ஒட்டியது. சோள விதையை 5 செ.மீ. ஆழத்தில் போட்டால், சிறு தூறலுக்கு அது முளைக்காது. போதிய மழை வரும்வரை மண்ணுக்குள் காத்திருக்கும்.

பெய்தது 2 செ.மீ.யா, அரை செ.மீ.யா என்பது எப்படித் தெரியும்? தாலுகா தலைமையிடத்து அளவு செய்தித்தாளில் வருகிறது. ஆனால் இடிமழை ஓடைக்கு அக்கரையில் கொட்டிவிட்டு இக்கரையை ஏமாற்றிவிடும். அவ்வளவு தூரத்து அளவை வைத்து நம் காட்டில் விதைக்க முடியுமா?

எனவே ஊராட்சிதோறும் ஒரு மழைமானி வைக்க வேண்டும். பள்ளிக்கூடத் திறந்தவெளியில் வைத்தால் பிள்ளைகளே தினம் காலை 8.30 மணிக்கு அளந்து கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள தகரடப்பா ஒன்று போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளந்தால் அதுவே மழையளவு. 1 செ.மீ. என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். கூடவே மண்வெட்டியால் தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பத்து ஆண்டுகள் எழுதி வைத்தால், எந்த வாரத்தில் நம் ஊரில் விதைப்பு மழை கிடைக்கிறது, எப்போது இடைவெளி விழுகிறது என்பது ஓரளவு பிடிபடும். பயிர் போய் நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கும்போதும், வாய்ச்சொல்லோடு ஒரு கணக்கும் கையில் இருக்கும்.

வரவு செலவுக்கு நோட்டுப் போடுகிறோம். வரவுக்கெல்லாம் மூலமான மழைக்கும் ஒரு நோட்டுப் போடுவோம். வருகிற புரட்டாசியிலேயே தொடங்கலாம்.