நோயாளரின் கட்டிலருகே ஒரு படம்

நயினாதீவில் ஒருவர் கடும் நோயுற்றால், படகேற்றிக் குறிகட்டுவான் கரை சேர்த்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் கொண்டுசெல்ல வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாள்களில் உறவினர் வந்து பார்ப்பதும் அரிது. போதனா வைத்தியசாலை விடுதியில் வாரக்கணக்கில் கூரையைப் பார்த்துக் கிடக்கும் அத்தகையோருக்கு, நூலகங்கள் நூல்களோடு திரைப்பட இறுவட்டுகளையும் இரவல் கொடுத்தால் என்ன? கேள்வி எளிது; பதில் அவ்வளவு எளிதன்று.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம், படங்களை வாடகைக்கு விடும் உரிமையை உரிமையாளருக்கே அளிக்கிறது. ஆயினும் வாடகை என்பதற்கு இலாப நோக்கம் ஒரு நிபந்தனை. எனவே கட்டணமின்றி இரவல் கொடுப்பது வாடகையாகாது. சிக்கல் அடுத்த படியிலேயே எழுகிறது. குடும்பத்தவரும் நெருங்கிய அறிமுகத்தவரும் அல்லாத பிறர் இருக்கக்கூடிய இடத்தில் படத்தைக் காட்டுவது பொது நிகழ்த்துகை. அதற்கு அனுமதி வேண்டும். ஒருவர் தம் கட்டிலில் சிறு கருவியில் தனித்துப் பார்ப்பது வேறு. விடுதித் தொலைக்காட்சியில் இருபது பேர் சேர்ந்து பார்ப்பது வேறு.

வெளிநாடுகளிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. பல் வைத்தியர் தம் சிகிச்சை நிலையத்தில் இசை ஒலிக்கவிடுவது பொதுமக்களுக்கு வழங்குவதாகாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2016இல், ஜேர்மனியப் புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையமொன்று காத்திருப்பு அறைகளில் தொலைக்காட்சி வைத்தது அவ்வாறு வழங்குவதே என்றது. நோயாளர் என்பதனாலேயே ஒருவர் பொதுமக்களுள் அடங்காதவராகிவிடுவதில்லை.

‘டெக்’ வாடகைக்கு எடுத்து, ஊர்கூடி விடியவிடியப் படம் பார்த்த தலைமுறை நாங்கள். உரிமை என்ற சொல் அன்று எவர் நினைவிலும் இல்லை. அந்தப் பழக்கம் இன்றும் தொடருமாயின், கடன்பட்டுப் படமெடுக்கும் எமது இளைஞரையே அது முதலில் தாக்கும்.

எனவே இரண்டு காரியங்கள் ஆகவேண்டும். விடுதி நோயாளருக்கு இலாப நோக்கின்றிப் படம் காட்டுவதற்கெனக் குறுகியதொரு விதிவிலக்கைப் பாராளுமன்றம் சட்டத்திற் சேர்க்க வேண்டும். அதுவரை, நூலகர்கள் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதி எழுத்திலேயே அனுமதி பெறட்டும். நோயாளருக்கென்று கேட்டால் எமது கலைஞர் பலர் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன். கேளாமல் எடுப்பதே அவர்களை அவமதிப்பது.