இருட்டின் செலவை யார் கொடுப்பது?



"உங்கள் பாதுகாப்புக்காகத்தான் மின்சாரத்தை நிறுத்துகிறோம்." காட்டுத்தீக்கு அஞ்சிய கலிபோர்னியா மக்களுக்குச் சொல்லப்பட்டது இது. வெள்ளம் ஏறும்போது ஜொகூரில் நமக்கும் இதே சொல்தான் வருகிறது. நிறுத்தவே கூடாது என்று நாம் வாதாட வரவில்லை. தண்ணீர் புகுந்த வீட்டில் மின்சாரம் ஓடினால் பிணம் விழும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாம் கேட்பது வேறு. விசையை இழுத்து மூடுகிறவனுக்கு அதனால் என்ன செலவு? இருட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன செலவு?

முதலில் கலிபோர்னியாக் கதையைக் கேளுங்கள். 2018 நவம்பர் 8-ஆம் தேதி பாரடைஸ் என்னும் ஊர் எரிந்து சாம்பலாயிற்று. 85 பேர் மாண்டனர். தீ எங்கே பிறந்தது? பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற கம்பெனியின் மின் கோபுரத்தில், கம்பியைத் தாங்கி நின்ற ஓர் இரும்புக் கொக்கி தேய்ந்து தேய்ந்து அறுந்ததில் பிறந்தது! ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன் போட்ட மின்பாதை அது. ஒரு கொக்கியை மாற்ற என்ன செலவாகும்? ஓர் ஆளை மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்ல எத்தனை நாள் கூலி? அந்தக் கூலியை மிச்சம் பிடித்தார்கள். 2020 ஜூனில் அதே கம்பெனி நீதிமன்றத்தில் நின்று, நோக்கமின்றி உயிர் போக்கியதாக 84 குற்றங்களை ஒப்புக்கொண்டது. அபராதம் சுமார் 35 இலட்சம் டாலர். சிறைக்குப் போனவர் ஒருவருமில்லை. கம்பெனிக்கு விலங்கு மாட்டக் கை ஏது? இங்கே ஒரு வாளி பாலைக் கொட்டிவிட்டவனைக் கிராணி சும்மா விடுவாரா என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கிடையில் 2019 அக்டோபர் வந்தது. காற்று பலமாக வீசும் என்றவுடன் கம்பெனி மின்சாரத்தை நிறுத்தியது. முதல் முறை ஏழு இலட்சம் இணைப்புகளுக்கு மேல். மாதக் கடைசியில் ஒன்பது இலட்சத்துக்கும் மேல்! இருபது இலட்சம் மக்களுக்கு மேல் இருட்டில். ஐஸ் பெட்டியில் இருந்த இறைச்சியும் மருந்தும் கெட்டன. மூச்சுக் கருவியை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். சுமார் 50,000 வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பே போகவில்லை என்றும், மருத்துவக் கருவி வைத்திருப்பவர்களிலேயே ஆயிரம் பேருக்கு மேல் விடுபட்டுப் போனார்கள் என்றும் பின்னர் அரசாங்க ஆணையமே கண்டறிந்தது. 2021-இல் 10 கோடியே 60 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. அதிலும் பெரும்பகுதி, கம்பெனி ஏற்கனவே வாடிக்கையாளர் கணக்கில் கழித்துக் கொடுத்த தொகையோடு நேர் செய்யப்பட்டது.

இதன் சூட்சுமம் என்ன? கம்பியால் தீப்பிடித்தால் நஷ்டஈடு கம்பெனியின் தலையில் விழுகிறது. இருட்டால் வரும் நட்டமோ மக்களின் தலையில். அப்படியானால் எதைச் செய்வது மலிவு? கொக்கியை மாற்றுவதைவிட, கம்பிக்கு உறை போடுவதைவிட, விசையை மூடுவதுதான் மலிவு!

நிறுத்தாமல் விட்டதால் அழிந்த ஊரும் உண்டு. 2023 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஹவாய்த் தீவுகளில் உள்ள லஹைனாவில் சூறைக்காற்று வீசியது. அங்கே முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடே இல்லை. அறுந்து கிடந்த கம்பியில் மறுபடி மின்சாரம் பாய்ந்தது. நூறு பேரளவில் மாண்டார்கள். ஆகவே நிறுத்தும் அதிகாரம் வேண்டியதுதான். பொறுப்பில்லாத அதிகாரம்தான் வேண்டாம்.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். இங்கே மின் கம்பியால் காடு எரிவதில்லை. நமக்கு வருவது தண்ணீர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டும் கோத்தா திங்கியும் மூழ்கியதை யார் மறப்பார்? 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பக்கம் ஏறிய தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 பேர் துயர் துடைப்பு மையங்களில் இருந்தார்கள். தண்ணீர் நெருங்கும் துணை மின் நிலையங்களைத் தெனாகா நேஷனல் மூடுகிறது. மூடத்தான் வேண்டும். ஆனால் அந்த விசையோடு எவையெல்லாம் நிற்கின்றன? தண்ணீர் இறைக்கும் பம்பு நிற்கிறது. இன்சுலின் வைத்த ஐஸ் பெட்டி நிற்கிறது. கைத்தொலைபேசி செத்துப்போகிறது, அடுத்த அறிவிப்பு அதில்தான் வரவேண்டும்! மேட்டில் இருப்பதால் வெள்ளம் தொடாத லயமும் அதே நிலையத்தைச் சேர்ந்ததாயின் சேர்ந்து இருளும். வீடு மூழ்கவில்லையே, உனக்கென்ன நட்டம் என்று கேட்பார்கள்.

நமக்கு இருட்டு புதிதல்ல. தோட்டத்து இஞ்சின் மாலையில் ஓடி இரவில் நிற்கும். அதோடு லயத்து விளக்கும் அணையும். பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். துரை பங்களாவில் வெளிச்சம் இருந்தது. 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், குழாய்த் தண்ணீரும் போதுமான மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. போதுமான மின்சாரம் என்றால் வெயில் காலத்தில் மட்டும் என்றா பொருள்? ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டதால் அந்தக் கடமை போய்விடவில்லை. லயத்தில் இன்று வங்காளதேசத்துத் தோழனும் இந்தோனேசியத் தோழனும் இருப்பதாலும் போய்விடவில்லை.

ஆகவே நிர்வாகங்களுக்கும் மின்வாரியத்துக்கும் சேர்த்தே சொல்கிறோம். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு லயத்துக்கும் எந்த நிலையத்திலிருந்து மின்சாரம் வருகிறது, அது எந்த அளவு தண்ணீரில் மூடப்படும் என்பதைத் தமிழிலும் மலாயிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டுங்கள். பள்ளத்தில் கிடக்கும் நிலையங்களை மேடை கட்டி உயர்த்துங்கள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை மூடுவது பாதுகாப்பு அல்ல, சோம்பல். கோயில் மண்டபத்திலோ சூராவிலோ ஓர் இஞ்சின் வையுங்கள். மருந்துக்கும் கைத்தொலைபேசிக்கும் அது போதும், பங்களாவுக்கு இருப்பதுபோல் பெரிதாக வேண்டாம். மருத்துவக் கருவி உள்ள வீடுகளின் பட்டியல் கிராணியிடம் இருக்கட்டும். மூன்று நாளைக்கு மேல் இருட்டில் இருந்த குடும்பத்துக்கு, கெட்டுப்போன சாமானுக்கு ஈடாக வெள்ளிக் கணக்கில் ஒரு தொகை, அடுத்த மாதக் கட்டணத்தில் கழிக்கப்பட வேண்டும். கலிபோர்னியாவில், கவர்னரே தலையிட்டுக் கேட்ட பிறகு, வீட்டுக்கு நூறு டாலர் கழித்தார்கள்.

தோட்டக் கமிட்டிகள் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்து, நிர்வாகத்தின் பதிலை எழுத்திலேயே வாங்கட்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. அக்டோபருக்குள் கொடுங்கள்.