மூன்று அளவுகோல்கள், ஒரே மனிதர்

படைப் பணியில் காயமுற்றோ நோயுற்றோ இயலாமை அடைந்து விடுவிக்கப்பட்டவரை அரசுப் பணியில் அமர்த்த இந்தியாவில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகள் 1979 முதல் நடைமுறையில் உள்ளன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இவை இரண்டும் குறுக்கிடுவதற்கு முன்பே, படைவீரர் விடுவிக்கப்படும்போது ஓய்வூதிய விதிகள் அவருடைய உடல்நிலையை விழுக்காட்டில் எழுதிவிடுகின்றன. மூன்றும் வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்டவை, வரையறைகளும் வெவ்வேறு. ஒன்றில் தகுதி பெற்றவர் அடுத்ததில் விடுபட்டுப் போவது இதனால்தான். நியமன அலுவலர், முன்னாள் படைவீரர் நல அலுவலர், மருத்துவக் குழு என மூன்று தரப்பும் சேர்ந்து கவனிக்க வேண்டிய சிக்கல் இது.

1979 விதிகளின்படி, மத்திய அரசுத் துறைகளின் நேரடி நியமனத்தில் ‘சி’ பிரிவில் 10 விழுக்காடும், பின்னாளில் அதனோடு இணைக்கப்பட்ட பழைய ‘டி’ பிரிவில் 20 விழுக்காடும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. பொதுத்துறை நிறுவனங்களிலும் நாட்டுடைமை வங்கிகளிலும் இவை முறையே 14.5, 24.5 விழுக்காடு. கூடுதலாக உள்ள 4.5 விழுக்காடு, இயலாமை அடைந்த முன்னாள் படைவீரர்களுக்கும் போர்க்களத்தில் உயிரிழந்தோரின் குடும்பத்தாருக்கும் பொதுவானது. இந்த ஒதுக்கீடு கிடைமட்டமானது என்பதால், தேர்வானவர் தம் சமூகப் பிரிவுக்குரிய இனச்சுழற்சிப் புள்ளியிலேயே கணக்கில் வைக்கப்படுகிறார்.

சிக்கல் தொடங்குவது வரையறையில். மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டு, அந்தக் காரணம் படைப் பணியால் நேர்ந்தது என ஏற்கப்பட்டு, இயலாமை ஓய்வூதியம் பெறுபவர் இவ்விதிகளின்படி முன்னாள் படைவீரர்தான். பணிக்காலம் குறைவு என்பது தடையாகாது. ஆனால், ‘இயலாமை அடைந்த முன்னாள் படைவீரர்’ என்ற தனி வரையறை இன்னும் குறுகியது. எதிரிக்கு எதிரான நடவடிக்கையிலோ கலவரப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்திலோ இயலாமை அடைந்தவர் மட்டுமே அதில் வருவார். பயிற்சித் திடலில் பீரங்கி வெடித்துக் கையை இழந்தவரும், பனிமலைச் சாலையில் படை வாகனம் கவிழ்ந்து முதுகுத்தண்டு முறிந்தவரும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஓய்வூதிய விதிகளின் கேள்வி வேறு: இயலாமை படைப் பணியால் நேர்ந்ததா, அல்லது அதனால் முற்றியதா? ஆம் என்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத இயலாமைக்கு ஓய்வூதியக் கூறு உண்டு. இதில் 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு கணக்கும் சேர்கிறது. இயலாமையால் விடுவிக்கப்பட்டவரின் விழுக்காடு 50க்குக் குறைவாக இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்தி எடுத்துக்கொள்ளப்படும். இது பணப்பயனுக்கான கணக்கு மட்டுமே. ஓய்வூதிய ஆணையில் 50 என்று கண்டவர் வேலைக்கான சான்றிதழிலும் அதுவே செல்லும் என்று எண்ணி விண்ணப்பித்தால், அங்கே மருத்துவக் குழு முதலிலிருந்து அளக்கும்.

அந்த அளவுதான் மூன்றாவது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத இயலாமை இருக்க வேண்டும். அது எங்கே, எப்படி நேர்ந்தது என்ற கேள்வி இங்கே எழாது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 விழுக்காடு. மனநோய், அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை (ஆட்டிசம்), பல்வகைக் குறைபாடு முதலியவற்றுக்குச் சேர்த்து 1 விழுக்காடு. ஓராண்டில் தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்தப் பணியிடம் அடுத்த ஆள்சேர்ப்பு ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படும்.

மூன்றையும் ஒருவர்மேல் வைத்துப் பார்த்தால் இடைவெளி புலப்படும். அமைதிக் காலச் சுடுதளப் பயிற்சியில் பீரங்கி ஓசையால் ஒரு காதின் கேட்கும் திறனை முழுதும் இழந்து விடுவிக்கப்பட்ட பீரங்கிப் படை வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். காரணம் படைப் பணியே என்று ஏற்கப்பட்டால் ஓய்வூதியம் கிடைக்கும். எதிரி நடவடிக்கை இல்லை என்பதால் 1979 விதிகளின் தனி வரையறைக்குள் அவர் வரமாட்டார். மாற்றுத்திறனாளிகள் சட்டமோ இரண்டு காதுகளிலும் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஒரு காது போதாது. படைக்குத் தகுதியற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர், வேலைவாய்ப்பு விதிகளின் கண்ணில் முழு உடல்திறன் உள்ளவர் ஆகிவிடுகிறார். பொதுவான முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில், முழுப் பணிக்காலத்தையும் நலமாக முடித்து வந்தவர்களோடு அவர் போட்டியிட வேண்டும்.

அந்தப் போட்டியில் கல்வித் தகுதி விதி அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகளுக்குக் குறையாத படைப் பணி முடித்தவர், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம் என்பது நல்ல சலுகை. ஆனால், பதினெட்டு வயதில் சேர்ந்து ஆறாம் ஆண்டில் காயமுற்று வெளியேறியவரிடம் 15 ஆண்டுகள் இருக்காது. வயது வரம்புத் தளர்விலும் இதே நிலைதான்: படைப் பணிக்காலத்தையும் கூடுதலாக மூன்று ஆண்டுகளையும் வயதிலிருந்து கழிக்கலாம் என்பதால், நீண்ட பணிக்கு நீண்ட தளர்வு. சிகிச்சையிலும் மறுவாழ்விலும் வெளியே கழியும் ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் சேராது.

தகுதி தீர்ந்தபின் வருவது பணியிடத்தின் தன்மை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என 2021 ஜனவரி 4 அன்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் ‘ஏ’ பிரிவில் 1046, ‘பி’ பிரிவில் 515, ‘சி’ பிரிவில் 1724, ‘டி’ பிரிவில் 281 பணிகள் உள்ளன. ஒவ்வொரு பணிக்கும் நேராக, உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், விரல்களால் கையாளுதல், பார்த்தல், கேட்டல், படித்தல், எழுதுதல் ஆகியவற்றில் எவை தேவை என்று குறிக்கப்பட்டுள்ளது. ஒரு கால் பாதிப்பு, ஒரு கை பாதிப்பு என உரிய வகைகளும் உண்டு. பதவியின் பெயரை விட்டுச் செய்யும் வேலையைப் பார்க்கும் இந்த முறை, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டிலும் பின்பற்றத் தக்கது.

முன்னாள் படைவீரர் என்றதும் காவலர் பணி நினைவுக்கு வரும் வழக்கம் இன்னும் மாறவில்லை. துப்பாக்கியோடு வாசலில் நாள் முழுதும் நிற்கும் வேலைக்கு, முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்தியவர் பொருந்தமாட்டார். அதே மனிதர் மின், எந்திரப் பொறியாளர் படையில் வண்டிகளின் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவராக இருக்கலாம். சமிக்ஞைப் படையில் தகவல் தொடர்புக் கருவிகளை இயக்கியவராக இருக்கலாம். போக்குவரத்துக் கழகப் பணிமனைக் கிடங்கும் மின்வாரியக் கட்டுப்பாட்டு அறையும் அவருக்குப் புதிய இடங்கள் அல்ல. பணி விடுவிப்புப் புத்தகத்தில் உள்ள படைத்தொழில் பெயருக்கு நேரான குடிமைப் பணி எது என்று பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

படைகளுக்குள்ளேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. மருத்துவத் தரம் தாழ்ந்தவருக்கு அவரால் செய்யக்கூடிய பணியிடம் இருந்தால் தக்கவைத்துக்கொள்வதும், இல்லையேல் விடுவிப்பதும் படை வழக்கம். 1971ஆம் ஆண்டுப் போரில் கண்ணிவெடியில் காலை இழந்த இயன் கார்டோசோ, இந்தியத் தரைப்படையில் காலாட்படைப் பிரிவொன்றுக்கும் பின்னர் பிரிகேடுக்கும் தலைமை தாங்கிய முதல் போர்க்காயமுற்ற அதிகாரி. ஓய்வுக்குப் பின் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். புனே அருகே கட்கியில் உள்ள குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம், இயலாமை அடைந்த படைவீரர்களுக்குத் தொழில் கற்பிப்பதற்காக 1917இல் தொடங்கப்பட்டது. புனேயின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இயங்குகிறது. உடலையும் கைத்தொழிலையும் மீட்டுத்தரும் ஏற்பாடு நூறாண்டுப் பழமையுடையது. அங்கிருந்து அரசு அலுவலகத்துக்குச் செல்லும் வழிதான் சீராக அமையவில்லை.

ஒப்பீட்டுக்கு அமெரிக்க நடைமுறை உதவும். அங்கே இட ஒதுக்கீடு இல்லை. 1944ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் முன்னுரிமைச் சட்டம் இயலாமை அடைந்தவருக்குத் தேர்வில் 10 மதிப்பெண்களைக் கூட்டித் தந்தது. 30 விழுக்காடோ அதற்கு மேலோ இயலாமை உள்ளவரைப் போட்டியின்றி நியமித்து, பின்னர் நிரந்தரமாக்கும் அதிகாரம் துறைகளுக்கு உண்டு. 2015இல் வந்த இன்னொரு சட்டம், அதே 30 விழுக்காட்டு வரம்பில் உள்ள புதிய ஊழியருக்கு முதல் 12 மாதங்களில் சிகிச்சைக்காக 104 மணி நேர விடுப்பு தருகிறது. புதிதாகச் சேர்ந்தவரின் கணக்கில் மருத்துவ விடுப்பு சேர்ந்திருக்காது என்பதே காரணம். இழப்பீட்டுக்காக ஒருமுறை தீர்மானிக்கப்பட்ட விழுக்காடே நியமனத்துக்கும் விடுப்புக்கும் செல்லும் என்பது இங்கே கருதத் தக்கது.

இந்தியாவில் இடைவெளி இனி விரியவே வாய்ப்பு. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்து அக்னிவீரராகவே வெளியேறுவோருக்கு ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் தகுதியோ இல்லை. பணியால் நேர்ந்த இயலாமைக்கு 50, 75, 100 விழுக்காடு என்ற நிலைகளில் முறையே 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒருமுறை வழங்கப்படும். பணம் கிடைக்கும், 1979 விதிகளின் கதவு திறக்காது. இளம் வயதில் காயமுற்று வெளியேறும் அக்னிவீரருக்கு மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு ஒன்றே வழி என்றால், 40 விழுக்காட்டு அளவீடு இன்னும் முக்கியமாகிறது.

செய்ய வேண்டியவற்றை, படைவீரர் கடந்துவரும் வரிசையிலேயே சொல்லலாம். முதலில், விடுவிப்பு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தகுதியும் அனுபவமும் உள்ளவர்களைச் சான்றளிக்கும் அதிகாரிகளாக அறிவிக்க அரசுக்கு இடமளிக்கிறது. படை மருத்துவமனை வல்லுநர்களை அவ்வாறு அறிவித்தால், ஓய்வூதிய ஆணையோடு மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையையும் பெற்றே அவர் ஊர் திரும்பலாம். அடுத்து, வரையறை. ‘எதிரி நடவடிக்கை’ என்ற வரம்பை ‘படைப் பணியால் நேர்ந்தது’ என்று விரிப்பதற்கு ஒரு விதித் திருத்தம் போதும். அதோடு, இயலாமையால் விடுவிக்கப்பட்டவருக்கு 15 ஆண்டு நிபந்தனையையும் தளர்த்த வேண்டும். அக்னிவீரர்களையும் இதில் சேர்ப்பது குறித்து இப்போதே முடிவெடுப்பது நல்லது.

ஆள்சேர்ப்பு அறிவிக்கையில் ஒவ்வொரு முன்னாள் படைவீரர் பணியிடத்துக்கும் நேராகத் தேவையான உடல் செயல்களைக் குறிப்பது நியமன அலுவலரின் கையிலேயே இருக்கிறது. இதற்குப் புதிய ஆணை தேவையில்லை. பணியில் சேர்ந்தபின், சட்டத்தின் 20ஆம் பிரிவு கோரும் நியாயமான பணியிட வசதிகளும், 2014 மார்ச் 31 நாளிட்ட மத்திய பணியாளர் துறை வழிகாட்டுதல் கூறும் பயிற்சி, துணைக்கருவிகள், சுழற்சி இடமாற்ற விலக்கு ஆகியவையும் முதல் மாதத்திலேயே கிடைக்க வேண்டும். ஒதுக்கீட்டில் எத்தனை இடங்கள் நிரம்பின என்ற ஆண்டறிக்கைக் கணக்கோடு, அப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் அதே பணியில் தொடர்கிறார்கள் என்ற கணக்கையும் துறைகள் வெளியிட்டால்தான் விதிகள் பயன் தந்தனவா என்று தெரியும்.