கம்பைலரின் விலையும் ஆய்வின் ஆயுளும்

லேக் கார்டன்ஸில் நான் மாடியறையில் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற மொழியியல் ஆசிரியர். சென்ற மாதம் அவர் ஒரு பெட்டி நிறைய நெகிழ்வட்டுகளைத் தந்தார். 1980களில் வங்காள நாட்டுப்புறக் கதைகளை ரோமன் எழுத்தில் உள்ளிட்டுச் சொல்லடைவு தயாரிக்க அவர் எழுதிய பாஸ்கல் நிரல்கள் அவற்றில் இருந்தன. எந்தக் கம்பைலரில் இயக்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. "யாரோ பிரதி எடுத்துக் கொடுத்தார்கள்" என்றார்.

நிரல்மொழிகளுக்கும் கிளைமொழிகள் உண்டு. செந்தரப் பாஸ்கலில் சொற்களைக் கையாளத் தனித் தரவினம் இல்லை. நீளம் மாறாத எழுத்து வரிசைதான் உண்டு. இவர் நிரலிலோ 'ஸ்ட்ரிங்' என்னும் இனம் இருந்தது. அது யூசிஎஸ்டி பாஸ்கலிலும் உண்டு, டர்போ பாஸ்கலிலும் உண்டு. கோப்பைப் பெயருடன் இணைக்க 'அசைன்' என்னும் கட்டளை ஆளப்பட்டிருந்ததைக் கண்டபின் ஐயம் நீங்கியது: இது டர்போ வழக்கு.

1983இல் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது. அன்று பாஸ்கல் கம்பைலர்கள் பலவும் சில நூறு டாலர் விலையில் இருந்தன. 64 கிலோபைட் நினைவகமே கொண்ட சிபி/எம் கணினியிலும் திருத்தியும் கம்பைலரும் ஒருசேர இயங்கின. வட்டுகளை மாற்றி மாற்றிச் செருகும் தொல்லை குறைந்தது. அதற்கும் மலிவான வழி இருந்தது: 1980இல் ரான் கெய்ன் எழுதிய ஸ்மால்-சியின் மூலநிரல் முழுவதும் டாக்டர் டாப்ஸ் இதழிலேயே அச்சாயிற்று. ஆயினும் அதில் எழுத்தும் முழு எண்ணும் மட்டுமே தரவினங்கள். எழுத்துகளை எண்ணுவோருக்கு அது போதும். சொல்லடைவு தயாரிப்போருக்கு 255 எழுத்து வரை ஏற்கும் டர்போவின் 'ஸ்ட்ரிங்' பெருந்துணை. ஆகவே மலிவு என்பது விலைச்சீட்டில் மட்டும் இல்லை. நம் நினைவக அளவிலும், நம் ஆய்வுக்கு வேண்டிய தரவினத்திலும் இருக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது மூன்றாவதான உரிமம். போர்லண்ட் தன் மென்பொருளைப் புத்தகம்போல் கருதச் சொன்னது: கைமாற்றலாம், வேறு கணினியில் இடலாம், ஒரே நேரத்தில் ஈரிடங்களில் மட்டும் பயன்படுத்தலாகாது. நூலகம் அறிந்த எந்த மாணவருக்கும் விளங்கும் மொழி அது. விலை கொடுக்க இயலாமல் பிரதி எடுத்தவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் பிரதியோடு கையேடு வரவில்லை, பதிப்பெண்ணும் வரவில்லை. நாற்பதாண்டு கழித்து ஒரு சொற்கணக்கைச் சரிபார்க்க முனையும்போதுதான் அந்த இழப்பு தெரிகிறது.

இன்று விலை தடையன்று. டர்போ பாஸ்கலின் பழைய பதிப்புகள் சிலவற்றை அந்நிறுவனமே பின்னர் இலவசமாக்கியது; 1979இல் வெளிவந்த பிடிஎஸ் சி 2002இல் பொதுவுடைமையானது. அவற்றை முன்மாதிரி இயக்கியில் ஓட்டலாம். பெரியவரின் முதல் நிரலை நேற்று அப்படித்தான் ஓட்டினேன். திரையில் சொற்பட்டியல் விரிந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நூற்பட்டியலில் பதிப்பாண்டு விடுபட்டால் நெறியாளர் ஆய்வேட்டைத் திருப்பித் தருகிறார். எண்களைத் தந்த கம்பைலரின் பெயரும் பதிப்பும் விடுபட்டால் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்போதே, நமக்குப் பின் வருபவரும் அதை உரிமையோடு இயக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். உங்கள் துறை அலமாரியிலும் இத்தகைய வட்டுகள் கிடக்கலாம். எழுதியவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்துவையுங்கள்.