பாட்டு வேணும், பாடுறவர் வேணாமா?

கொஞ்சம் நீளமான திரி. இந்த வாரம் சுகர், பிரஷர் எதுவும் இல்லை. பாட்டு பத்தி. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

எங்க அபிராமபுரத்துல டிசம்பர் வந்தா பேச்சே கச்சேரிதான். முட்டிவலின்னு வர்றவங்ககூட "நேத்து அந்தத் தோடி கேட்டீங்களா டாக்டர்"னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கும் பிடிக்கும். ஆனா ரெண்டு தெரு தள்ளி ஒரு சாவு வீட்டுல மரண கானா பாடினா, அதே ஆளுங்க "போலீஸுக்கு போன் பண்ணலாமா"ன்னு கேட்பாங்க. அவங்க வீட்டு ரிசப்ஷன்ல டிஜே கானா போட்டா முதல்ல ஆட இறங்குறதும் அவங்கதான்.

இதைப் புரிஞ்சுக்க 1970-கள் லண்டனுக்கு ஒரு நடை போய் வரலாம்.

ரெகே ஜமைக்காவின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த இசை. பாப் மார்லி முகம் போட்ட டி-ஷர்ட் நம்ம பாண்டி பஜார்லயே தொங்குதே, அவரோட இசை. பிரிட்டனுக்கு வேலை தேடிப் போன ஜமைக்கா குடும்பங்களோட அதுவும் கப்பல் ஏறிச்சு. பங்க் என்பது 1976 வாக்கில் லண்டன் வெள்ளைக்காரப் பசங்க போட்ட சத்தம். மூணு கார்டு, அசுர வேகம், ஊர்ப்பட்ட கோபம். ஒண்ணு நிதானமா அசையும், இன்னொண்ணு தலைதெறிக்க ஓடும். இது ரெண்டும் எப்படிச் சேர்ந்துச்சு?

காரணம் ரொம்ப சாதாரணமானது. ராக்ஸின்னு ஒரு பங்க் கிளப். அங்கே டிஜே டான் லெட்ஸ், ஜமைக்கா பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். பங்க் அப்பதான் பிறந்திருக்கு, போடறதுக்குப் போதுமான ரெக்கார்டே இல்லை. அதனால தன்கிட்ட இருந்த ரெகே ரெக்கார்டுகளைப் போட்டார். பங்க் கேட்க வந்த கூட்டம் ராத்திரி பூரா ரெகே கேட்டுச்சு.

1977-ல் த க்ளாஷ் என்ற பங்க் குழு தன் முதல் ஆல்பத்திலேயே ஜூனியர் மர்வின் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' ரெகே பாட்டைப் பாடுச்சு. அதே வருஷம் மார்லி 'பங்கி ரெகே பார்ட்டி'ன்னு பதில் மரியாதை செஞ்சார். கொடுத்தாங்க, வாங்கினாங்க.

இப்ப எதிர் உதாரணம். 1974-ல் எரிக் கிளாப்டன், மார்லியின் 'ஐ ஷாட் தி ஷெரிஃப்' பாட்டைப் பாடி அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆனார். ரெண்டே வருஷம். 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில், வெளிநாட்டுக்காரங்க எல்லாம் பிரிட்டனை விட்டுப் போகணும்னு பேசினார். (பின்னாளில் வெட்கப்படறதா சொன்னார், அதையும் சொல்லிடணும்.) ரத்தம் ஏத்திக்கிட்டு, டோனரை வாசலோட அனுப்புற கதை.

அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பாத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் கிளம்புச்சு. 1978 ஏப்ரல் 30, லண்டன் விக்டோரியா பார்க். க்ளாஷ் இருந்த அதே மேடையில் ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே குழு. அவங்க ஊரும் அதே பர்மிங்காம்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

கானாவை சினிமா 90-களிலேயே எடுத்துக்கிச்சு. தேவா இசையில் தமிழ்நாடே ஆடுச்சு. ஆனா கானா பாடி வளர்ந்தவங்க முகம் தெரிய நாளாச்சு. 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன், 2012-ல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. அப்பவும் மேடை சினிமாவோடதுதான். கதைக்கு ஒரு குத்துப்பாட்டு வேணும், அவ்வளவுதான்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேத்தினாங்க. 19 பேர். ராக் கிட்டார், டிரம்ஸ், ராப், அதோட பறை, சட்டி, கானா. அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் இசைவாணி. பேரே அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி மரணம்னு அவங்க என்ன பாடணும்னு அவங்களே முடிவு பண்ணாங்க. என்னைக் கேட்டா நம்ம ஊரோட விக்டோரியா பார்க் அதுதான்.

பேரும் காசும் ஏன் முக்கியம்? லண்டனில் வளர்ந்த நம்ம ஈழத்துப் பொண்ணு எம்.ஐ.ஏ., 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு க்ளாஷ் குழுவோட இசைத் துண்டை எடுத்தாங்க. க்ளாஷ் ஆட்கள் நாலு பேர் பேரும் பாட்டை எழுதினவங்க பட்டியல்ல இருக்கு. எடுத்தா இப்படித்தான் எடுக்கணும்.

நம்ம பக்கம் 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுத்துச்சு. வரிகள் அறிவு எழுதினது, தேயிலைத் தோட்டத்தில் உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாளை நினைச்சு. ஆனா ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அந்தப் பாட்டைப் பாடின தீ இருந்தாங்க, அறிவு இல்லை. சத்தம் எழுந்த பிறகு அவருக்குத் தனியா டிஜிட்டல் அட்டை வந்துச்சு. யாரோட உள்நோக்கத்தையும் நான் எடை போடல. சத்தம் போட்டாத்தான் படம் வருதுங்கறதைச் சொல்றேன்.

"டாக்டர், கானாவுல பொண்ணுங்களைக் கேவலமா பாடுறாங்களே"ன்னு கேட்பீங்க. ஆமா, சிலதுல இருக்கு. கண்டிக்கணும். பங்க் கூட்டத்திலும் ஸ்வஸ்திகா மாட்டிட்டுத் திரிஞ்சவங்க இருந்தாங்க. அதை உள்ளேயிருந்தே எதிர்த்ததும் பங்க் ஆட்கள்தான். இங்கே இசைவாணி மைக் பிடிச்சு நிக்கிறதே அப்படி ஒரு பதில்னு நான் நினைக்கிறேன்.

"சத்தம் தாங்கல"ன்னு சொல்றவங்களுக்கு மட்டும் மருத்துவரா ஒரு வார்த்தை. 85 டெசிபலில் தினமும் எட்டு மணி நேரம் இருந்தா காது கெடும். அது சட்டியில் வந்தாலும் சரி, தவிலில் வந்தாலும் சரி, சபா ஸ்பீக்கரில் வந்தாலும் சரி. போலீஸுக்கு போன் பண்ணணும்னா மூணுக்கும் பண்ணுங்க.

அடுத்த பொங்கலுக்கு உங்க அபார்ட்மென்ட் விழாவில் கானா வேணும்னா டிஜேகிட்ட பென் டிரைவ் கொடுக்காதீங்க. பாடுறவங்களையே கூப்பிடுங்க. நோட்டீஸில் அவங்க பேர், கையில் அட்வான்ஸ், நம்மகூட அதே பந்தியில் சாப்பாடு. கர்நாடக வித்வானுக்கு இதெல்லாம் யாரும் சொல்லாமலே செய்யறோம்ல?

கமெண்டில் சண்டைக்கு வர்றவங்க, முதல்ல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கச்சேரி ஒண்ணை முழுசா கேட்டுட்டு வாங்க. ஹெட்ஃபோன் வால்யூம் 60 சதவீதத்துக்கு மேல வேணாம்.