பாலை நிலத்துக்குப் பயணமா? முதலில் கணக்கை எழுதுவோம்



பழந்தமிழ் இலக்கியத்தில் பாலைத் திணைக்கு உரிய பொருள் பிரிவு. அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாடல்கள் பாலையைப் பாடுபவை. பொருள் தேடிச் செல்லும் கணவனும், வழிபார்த்திருக்கும் மனைவியும், அவளைத் தேற்றும் தோழியுமே அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றனர். ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் தல்லாகுளத்தில், கோரிப்பாளையத்தில், புதூரில் எத்தனையோ இல்லங்களில் அதே செய்தி பேசப்படுகிறது. இன்றைய பாலைக்கு ரியாத் என்றும் துபை என்றும் குவைத் என்றும் பெயர்கள் இருக்கின்றன. வேறுபாடு அவ்வளவே.

2007ஆம் ஆண்டு மதுரையில் பாஸ்போர்ட் அலுவலகம் திறக்கப்படும் வரை, நம் பகுதி மக்கள் அதற்காகத் திருச்சி சென்று வந்தார்கள். இன்று ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் சென்றால் போதும். பாஸ்போர்ட் எளிதாகிவிட்டது, ஆனால் "போகலாமா, வேண்டாமா?" என்ற கேள்வி எளிதாகிவிடவில்லை. அக்கேள்விக்கு விடை காண்பதற்குப் பல குடும்பங்கள் கையாளும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: மாதச் சம்பளம் எவ்வளவு? இந்த அளவுகோல் போதாது என்பதையே இம்மாதம் நாம் சிந்திக்க இருக்கிறோம்.

முதலில் நன்மைகளை நேர்மையுடன் ஒப்புக்கொள்வோம். 1938இல் சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்த பின்னர் அந்நாடுகளின் வாயில் நம் இளைஞர்களுக்குத் திறந்தது. அந்த வாயிலின் வழியாக வந்த பொருளில் எத்தனையோ ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. கடனில் மூழ்கிய கடைகள் மீண்டன. தம்பிமார் பொறியியல் படித்தனர். தங்கைமார் ஆசிரியைகள் ஆயினர். 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, அயல்நாடுகளில் வாழும் தமிழ்நாட்டவர் சுமார் 22 இலட்சம் பேர் எனக் கண்டது. 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அயல்நாட்டுப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தமிழ்நாட்டுக்கு வந்ததாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு கூறுகிறது. உம்ரா செய்யும் நற்பேறு, வேலைக்கிடையே தொழுகைக்கு வசதி, பல நாட்டு மக்களோடு பழகிப் பெறும் அனுபவம் ஆகியவற்றை எந்த ரூபாயிலும் அளக்க இயலாது.

இனி மறுபக்கத்தைக் காண்போம். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பாலை என்பர் புவியியலார். வைகை வறண்டு கிடக்கிறதென்று நாம் வருந்தும் மதுரையில்கூட ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ரியாத்தில் பெய்வதோ சுமார் 100 மில்லிமீட்டர். குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தே பெறப்படுகிறது. 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் வெப்பம் 53.9 டிகிரி செல்சியஸை எட்டியது. "மதுரை வெயிலைக் கண்டவனுக்கு அந்த வெயில் எம்மாத்திரம்?" என்று பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கரையோர நகரங்களில் வெப்பத்தோடு ஈரக்காற்றும் சேர்ந்துகொள்வதால் வியர்வை உலராது, உடல் குளிராது.

இக்காரணத்தாலேயே கோடை மாதங்களில் நண்பகல் வேளையில் திறந்தவெளி வேலைக்கு அந்நாடுகள் தடை விதித்துள்ளன. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை இத்தடை உண்டு. கத்தரில் 2021 முதல் காலை 10 மணியிலிருந்தே தடை தொடங்கிவிடுகிறது. ஆயினும் தடை முடிந்த பிறகும் வெயில் முடிவதில்லை. கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் செல்பவர் இதனை அறிந்து செல்ல வேண்டும். போதிய நீர் அருந்தாமல் பல ஆண்டுகள் வெயிலில் உழைப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். குளிரூட்டப்பட்ட அறைக்குள் வேலை செய்பவருடைய பாலையும், கொதிக்கும் கூரைமேல் நிற்பவருடைய பாலையும் ஒன்றல்ல. ஆகவே "எந்த நாடு?" என்று கேட்பதற்கு முன் "என்ன வேலை?" என்று கேட்பதே முறை.

இப்போது சம்பளக் கணக்குக்கு வருவோம். ஒரு ரியாலை 22 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மதுரையில் மாதம் 18,000 ரூபாய் ஈட்டும் ஒருவருக்கு, 1,500 ரியாலில் உதவியாளர் வேலை கிடைக்கிறது. 33,000 ரூபாய்! கேட்டவுடன் வீடே மகிழ்கிறது. ஆனால் உணவுக்கும் தொலைபேசிக்கும் சில்லறைச் செலவுக்கும் 500 ரியால் போய்விடும். எஞ்சுவது 1,000 ரியால். அதாவது 22,000 ரூபாய். மதுரையில் இருந்திருந்தால், தம் சொந்தச் செலவு 4,000 ரூபாய் போக அவர் வீட்டுக்கு 14,000 ரூபாய் தந்திருப்பார். ஆக, பிரிவின் விலையாக அக்குடும்பம் பெறுவது மாதம் 33,000 ரூபாய் அன்று, 8,000 ரூபாய்தான்.

அந்த 8,000 ரூபாயும் கைக்கு வருமா? விசாவுக்கென்று யாரோ ஒரு தரகருக்கு இரண்டு இலட்சம் ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்திருந்தால், நூற்றுக்கு மூன்று வட்டி எனில் மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். மார்க்கம் விலக்கிய வட்டியிலும் விழுந்து, மனைவி மக்களையும் பிரிந்து, மிஞ்சுவது 2,000 ரூபாய். இதற்காகவா விமானம் ஏற வேண்டும்?

அதே கணக்கை ஒரு தேர்ந்த எலக்ட்ரீஷியனுக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையில் 25,000 ரூபாய் ஈட்டி, சொந்தச் செலவு போக வீட்டுக்கு 21,000 ரூபாய் தருகிறார். அங்கே 2,500 ரியால் கிடைத்தால், செலவு போக 2,000 ரியால், அதாவது 44,000 ரூபாய் அனுப்பலாம். வித்தியாசம் மாதம் 23,000 ரூபாய். கடன் இல்லாமல் சென்றால் ஐந்தாண்டில் ஒரு தொழிலுக்கு முதல் சேர்ந்துவிடும். எனவே பாலை நிலம் எல்லோருக்கும் ஒரே விதமாகப் பலன் தருவதில்லை. கையில் தொழிலும் சான்றிதழும் உள்ளவனுக்கு அது பயன்படுகிறது. வெறுங்கையோடும் கடனோடும் செல்பவனின் உழைப்பை அது விழுங்கிவிடுகிறது. பயணத்துக்கு ஆகும் காலத்தையும் பணத்தையும் முதலில் ஐ.டி.ஐ. படிப்புக்கோ ஒரு தொழிற்பயிற்சிக்கோ செலவிடுவது பல இளைஞர்களுக்கு உகந்தது.

தரகர் விஷயத்தில் சட்டம் என்ன கூறுகிறது என்பதையும் அறிந்துகொள்வோம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் சேர்க்கலாம். அவர் பெறக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்தி வருகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு, விபத்தில் உயிரிழந்தால் 10 இலட்சம் ரூபாய் தருகிறது. சுற்றுலா விசாவில் சென்று வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், இந்த அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை என்பதைப் புரிந்துகொண்டு விலகிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு எனப் பாருங்கள். அமீரகத்தில் ஓராண்டுக்கு மேல் பணிபுரிந்தவருக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். மொத்தச் சம்பளம் 2,000 திர்ஹம் எனவே இருக்கட்டும். அடிப்படைச் சம்பளம் 1,400 திர்ஹமானால் ஐந்தாண்டு முடிவில் பெறுவது 4,900 திர்ஹம். 800 திர்ஹமானால் பெறுவது 2,800 திர்ஹம்தான். ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணின் வேறுபாடு இது. தங்குமிடம் எங்கே, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதையும் கேட்டறிய வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் விடியுமுன் பற்றிய தீயில் தமிழர் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தனர். தங்குமிடம் இலவசம் என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடலாகாது.

"குடும்பத்தோடு போய்விட்டால் பிரிவே இல்லையே!" என்று சில சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல சம்பளமும், வீட்டு வாடகையும், பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் நிறுவனமே தருமானால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. இல்லையேல் கணக்கு மாறிவிடும். சவூதி அரேபியாவில் 2017 ஜூலையில், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது; 2020 ஜூலையில் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் இரு பிள்ளைகளும் எனில் ஆண்டுக்கு 14,400 ரியால். அக்கட்டணம் உயர உயரப் பல குடும்பங்கள் ஊர் திரும்பின. அடுக்குமாடியின் நான்கு சுவர்களுக்குள் பகல் முழுவதும் தனித்திருக்கும் பெண்ணின் மனநிலையையும், தாய்மொழியை எழுதப் படிக்க அறியாது வளரும் பிள்ளைகளையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணவர் தனியே சென்றாலோ, இங்கே ஒரு பெண் தாயாகவும் தந்தையாகவும் நிற்கிறாள். மாமியாரின் மருத்துவமும், மகனின் பள்ளியும், வங்கியும், கரண்டுக் கட்டணமும் அவள் பொறுப்பு. ஒரு காலத்தில் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து ஊருக்குச் செல்பவர் வசம் கொடுத்தனுப்பினார்கள். இன்று கைபேசியில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. ஆனாலும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைக் கைபேசி தொட்டுப் பார்க்காது. ஆகவே பயண முடிவை அத்தாவும் அண்ணனும் மச்சானும் கூடிப் பேசி முடித்துவிட்டு, மனைவிக்குத் தகவலாகச் சொல்வது நீதியாகாது. சுமையில் பாதியைச் சுமக்கப் போகிறவளுக்கு முடிவிலும் பாதி உரிமை உண்டு.

எதற்காகப் போகிறோம் என்பதும் முக்கியம். கடன் தீர்க்க, பிள்ளைகளைப் படிக்க வைக்க, தொழில் தொடங்க என்றால் அது உயர்ந்த நோக்கம். ஆனால் தங்கைக்குக் கைக்கூலி கொடுக்கவும், ஊர் மெச்ச விருந்து வைக்கவும், அண்டை வீட்டைவிட ஒரு மாடி கூடுதலாக எழுப்பவும் ஓர் இளைஞனைப் பத்தாண்டு காலம் பாலையில் நிறுத்தி வைப்பது கொடுமை. அவனை அங்கே அனுப்பியது வறுமை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நம் ஆடம்பரமும் அதில் பங்காளி.

இறுதியாக ஒன்று. நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றனர். மலாயாவில் பலர் வேரூன்றிக் குடிமக்களாயினர். பர்மாவில் வேரூன்றியதாக நம்பியவர்கள், 1964இல் கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையானபோது வெறுங்கையோடு கப்பலேறினர். வளைகுடாவில் வேரூன்றும் நம்பிக்கைக்கே இடமில்லை. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும், விசா முடிந்தால் திரும்ப வேண்டியதே பெரும்பாலோரின் நிலை. சில வேளைகளில் திரும்பும் நாளை நாம் தேர்ந்தெடுப்பதுமில்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படை குவைத்தில் நுழைந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டனர். 2013இல் சவூதியில் உள்நாட்டவருக்கு வேலை தரும் நிதாகத் திட்டம் இறுக்கப்பட்டது. 2020இல் கொரோனா வந்தது. மூன்று முறையும் ஆயிரமாயிரம் பேர் ஆயத்தமின்றித் திரும்பினர்.

எனவே போவதா, வேண்டாமா என்பதைவிட, எப்போது திரும்புவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். புறப்படுமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து ஒரு நோட்டில் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள். எந்தத் தேவைக்காக இப்பயணம்? அதற்கு எவ்வளவு தொகை வேண்டும்? அத்தொகை எந்த ஆண்டில் சேரும்? தொகையைக் கணக்கிடுகையில் ரூபாயின் மதிப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். 1990இல் ஐந்து ரூபாய்க்கும் குறைவாக இருந்த ரியால் இன்று இருபது ரூபாய்க்கு மேல் என்பது உண்மை. அதே காலத்தில் மதுரையில் அரிசியும் மனையும் என்ன விலை ஏறின என்பதும் உண்மை. வாங்கும் சொத்து இருவர் பெயரிலும் இருக்கட்டும். ஒவ்வொரு விடுமுறையிலும் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். எழுதிய ஆண்டு நெருங்கும்போது புதிய தேவை ஒன்று முளைத்து, "இன்னும் இரண்டே வருஷம்" என்று சொல்லத் தூண்டும். அந்த இரண்டு ஆண்டுகள்தாம் பலருக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை இருந்தால் தயங்காமல் புறப்படுங்கள். விடை இல்லையேல், மதுரையில் இன்னும் ஓராண்டு தங்கித் தொழில் கற்பது நஷ்டமாகாது. செல்வோரின் சபர் சலாமத்தாக அமையவும், காத்திருப்போரின் உள்ளங்களுக்கு ஆறுதல் கிட்டவும், திரும்பி வருவோர் மனநிறைவோடு வந்து சேரவும் நாம் அனைவரும் துஆ செய்வோமாக!