தள்ளாடாதவர்கள்

குடிப்பவனுக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. குடிகாரன், மொடாக்குடியன், மேடைப் பேச்சாளர்களின் உபயத்தில் 'குடிமகன்'. ஆனால் சமீபத்தில் ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கும்போது சொல் கிடைக்காமல் திண்டாடினேன். வேலைக்கு ஒழுங்காகப் போகிற, வருமான வரியை நேரத்தில் கட்டுகிற, தெருவில் ஒருபோதும் விழாத, ஆனால் குடிக்காமல் ஒரு மாலையைக்கூடக் கடக்க முடியாத மனிதரை என்னவென்று சொல்வது? நம்மிடம் இருக்கும் சொற்களெல்லாம் விழுந்தவனுக்கானவை.

அந்த மனிதரை எனக்குத் தெரியும். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார். எந்த மாடி என்று சொல்லமாட்டேன். காலையில் நெற்றியில் விபூதியுடன் பூக்கடைகளைத் தாண்டி லோக்கலைப் பிடிக்கிறார். ஃபோர்ட்டில் பெரிய உத்தியோகம். இரவு வீடு திரும்பியதும் பீரோ திறக்கிறது. அவர் சொல்லும் கணக்கு இரண்டு பெக். பாட்டில் சொல்லும் கணக்கு வேறு. "மாமா ஒருநாள்கூட ஆபீசுக்கு மட்டம் போட்டதில்லை, தெரியுமோ?" என்பார் மாமி, யாரும் கேட்காமலே.

'எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாது' என்பது இத்தகையவர்களின் பெருமை. உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்று டாக்டர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். டென்ஷன் குறையத்தான் குடிக்கிறேன் என்பதும் முதல் ஒரு மணி நேரத்துக்கு உண்மைதான். போதை இறங்கும்போது, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த மூளை திமிறிக்கொண்டு எழுகிறது. விடியற்காலையில் விழிப்பு, படபடப்பு, காரணமில்லாத பயம். அதையும் ஆபீஸ் டென்ஷன் கணக்கில் எழுதி, மாலையில் அதே பாட்டிலையே மருந்தாக்குகிறார்கள். (மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிக்க பெர்மிட் வேண்டும். ஆரோக்கியத்தைப் பேணுவதற்காக என்பது அந்த பெர்மிட்டின் வாசகம்!)

சென்னையில் 1979-ல் டி.டி. ரங்கநாதன் இளம் வயதில் குடியால் இறந்தார். டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன். படிப்பு, பணம், குடும்பப் பெயர் எதிலும் குறைவில்லை. மற்ற வீடுகளாக இருந்தால் 'திடீரென்று மாரடைப்பு' என்று முடித்திருப்பார்கள். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அடுத்த ஆண்டே குடிநோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார், கணவரின் பெயரிலேயே. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிட அந்தப் பெயர்ப்பலகை பெரிதாகத் தெரிகிறது.

மும்பையிலும் வழி இருக்கிறது. பாந்திராவில் 1981-ல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கிய ஃபாதர் ஜோ பெரைரா, தாமே குடியிலிருந்து மீண்டவர், பி.கே.எஸ். ஐயங்காரின் மாணவர். சிகிச்சையில் யோகாசனத்தையும் சேர்த்துக்கொண்டார். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களில் கட்டணம் இல்லை, முழுப் பெயரையும் கேட்கமாட்டார்கள். 1935-ல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பங்குச்சந்தைக்காரர், மற்றவர் அறுவை சிகிச்சை டாக்டர். இருவருமே உத்தியோகஸ்தர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் 'நாளையிலிருந்து தொடமாட்டேன்' என்று சபதம் செய்வதும், கோபத்தில் மனைவி பாட்டிலை வாஷ்பேசினில் கொட்டுவதும் ஆபத்து. முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நடுக்கத்துக்கு மருந்தும் பி-1 வைட்டமினும் தருவார்கள். மனம் பழக அதைவிட அதிக நாள் ஆகும்.

எய்ம்ஸ் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மீதி 37 பேரும் எங்கே என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மாமி என்னை லிஃப்ட் அருகே நிறுத்தினார். எங்கேயோ போன் பண்ணிப் பேசலாமாமே என்றார், வேறு யாருக்கோ கேட்பதுபோல. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது, தமிழிலும் பேசலாம் என்று சொல்லி, எண்ணை எழுதிக் கொடுக்கப் பேனாவை எடுத்தேன்.

"எழுதித் தர வேண்டாம். சொல்லு, ஞாபகம் வெச்சுக்கறேன்."

14416 என்றேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு மாடியேறிப் போனார்.